மலைச்சரிவில் காட்டுத்தீ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி பிறந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில் புல் சரசரவென்று காய்ந்து நிற்கும். தீத்தடுப்புக் காவலுக்குப் புதுப் பையன்கள் வந்து சேர்வதும் அப்போதுதான். நல்ல பையன்கள். மலையேறப் பயப்படாதவர்கள், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருபவர்கள். ஆனால் அவர்கள் செய்யும் தவறுகள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறுவதே இல்லை. எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள்தான். பீடியை அணைக்காமல் போடாதே, தனியாகப் போகாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களே சறுக்குகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன். அதில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

செயற்கைக்கோள் புள்ளிக்கே நேராக நடப்பது

இந்திய வன ஆய்வு நிறுவனத்திடமிருந்து கைபேசிக்குத் தீ எச்சரிக்கை வருகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருக்கும். வரைபடத்தில் போட்டால் ஒரு சிவப்புப் புள்ளி விழும். உடனே அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அந்தப் புள்ளி தீ எரிகிற இடம் அல்ல. செயற்கைக்கோள் தரையைக் கட்டம் கட்டமாகப் பார்க்கிறது. வியர்ஸ் கருவியின் ஒரு கட்டம் 375 மீட்டர், மோடிஸ் கருவியில் ஒரு கிலோமீட்டர். கட்டத்துக்குள் எங்கே சூடு தெரிந்தாலும் அதன் நடுப்புள்ளியைத்தான் அனுப்பும். சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. மலையில் 375 மீட்டர் என்றால் முகட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே மாறிவிடும். புள்ளி முகட்டில் விழும், தீ உங்கள் காலுக்குக் கீழே ஓடைக்குள் இருக்கும்.

நேரத்திலும் சிக்கல் உண்டு. வியர்ஸ் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை வாக்கிலும் இரவு ஒன்றரை வாக்கிலும். மூன்று மணிக்குப் பற்றிய தீயை அது இரவில்தான் பார்க்கும். அடர்ந்த மரங்களுக்கு அடியில் சருகை மட்டும் தின்றுகொண்டு போகும் சின்னத் தீ அதன் கண்ணில் படாமலே போவதும் உண்டு. அதனால் எச்சரிக்கை வரவில்லை என்றால் தீ இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த பீட் (ஒரு வனக்காவலரின் காவல் பகுதி), எந்த மலை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் புள்ளி. அதற்குப் பிறகு எதிர்மலைக்குப் போய் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். தீயின் தலை (முன்னேறி ஓடும் முனை) எங்கே, வால் (பின்பக்கம்) எங்கே, பக்கவாட்டில் எவ்வளவு அகலம், கீழே ஓடை எந்தத் திசையில் ஓடுகிறது, மேலே பாறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இதற்கு அரை மணி நேரம் போகலாம், வீண் இல்லை.

காலைப் புகையைப் பார்த்து ஏமாறுவது

விடியற்காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும். அதற்குள் புகையும் படுத்துக் கிடக்கும். தீ சோம்பி எரியும். பார்த்தால் பாதி அணைந்துவிட்டது போலத்தான் இருக்கும். பத்து, பதினொரு மணிக்கு வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று மேல்நோக்கித் திரும்பும், புகை தூணாக எழும்பும், தீ ஓட ஆரம்பிக்கும். காலையில் பார்த்த தீயை வைத்து மதியத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

மேலிருந்து தீயை நோக்கி இறங்குவது

இதுதான் அந்த ஒன்று. இத்தனை வருஷம் ஆகியும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏன் நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன். நம் மலைகளில் ஜீப் போகும் பாதை பெரும்பாலும் மேலே, எஸ்டேட் ஓரத்திலோ முகட்டிலோதான் இருக்கும். கீழிருந்து போவதென்றால் மூன்று மணி நேர நடை. மேலிருந்து பார்த்தால் புகை இதோ, இரண்டு வளைவுக்குக் கீழே தெரிகிறது. வண்டியை நிறுத்தி, பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கிவிடுகிறார்கள். இறங்குவது சுலபம். கால் தானாகவே போகும்.

தீ மேல்நோக்கித்தான் ஓடும். பற்றவைத்த தீக்குச்சியைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்தால் விரலைச் சுடும் வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். சரிவிலும் அதுதான் நடக்கிறது. தீநாக்கு மேலே இருக்கும் புல்லை ஒட்டிச் சாய்வதால், அந்தப் புல் தீ வருவதற்கு முன்பே வெந்து பற்றத் தயாராக நிற்கிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் இரண்டு மடங்கு என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. இருபது டிகிரியில் நான்கு மடங்கு, முப்பதில் எட்டு. மனிதனின் வேகமோ சரிவு கூடக் கூடக் குறையும். மேலிருந்து இறங்கியவன் திரும்பி ஏறித்தான் தப்ப வேண்டும். எரியாத புல் முழுக்க அவனுக்கும் தீக்கும் நடுவில் கிடக்கிறது.

போடி மலைப் பக்கம் ஒரு பங்குனி மதியம். முகட்டுப் பாதையில் ஜீப்பை நிறுத்திய கையோடு புதுப் பையன்கள் நாலு பேர் இறங்கிவிட்டார்கள். அங்கே போதைப்புல் என்கிற நெட்டைப் புல் இடுப்புக்கு மேல் நிற்கும். எங்களோடு வந்த பளியர் பெரியவர் இறங்கவில்லை. கண்ணைச் சுருக்கிப் புல்லின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அசையாமல் நின்ற கதிர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எங்களைப் பார்த்துச் சாய்ந்தன. "புல்லு மேல பாக்குது, ஏறி வாங்கப்பா" என்று சத்தம் போட்டார். பாதி மனதோடுதான் ஏறி வந்தார்கள். ஒருவன் தண்ணீர் கேனைப் பாறையில் வைத்துவிட்டு வந்திருந்தான், அதை எடுக்கத் திரும்பினான். பெரியவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். பாதையைத் தாண்டி மறுபக்கத்துப் பாறைக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சரிவு முழுவதும் இரைச்சலோடு எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தபோது கேன் உருகித் தோசை மாதிரி பாறையில் ஒட்டிக்கிடந்தது, மூடியின் நீலம் மட்டும் ஒரு ஓரத்தில் தெரிந்தது.

இவ்வளவும் நடந்த பிறகும் அடுத்த வருஷம் வேறொரு குழு அதே பாதையில் வண்டியை நிறுத்தி அப்படியே இறங்கியது. கேட்டால், மேலிடத்திலிருந்து போன் வந்ததாம். "தீக்கிட்ட போயாச்சா? போட்டோ அனுப்பு." தீக்கு அருகில் நின்று படம் எடுத்தால்தான் வேலை நடக்கிறது என்று நம்பும் ஆட்கள் இருக்கும்வரை இந்தத் தவறு நிற்காது. நல்ல குழு தீயிலிருந்து தள்ளி நின்றுதான் பாதி வேலையைச் செய்யும். அது படத்தில் தெரியாது.

இது நம் ஊர்த் தவறு மட்டும் அல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஸ்டார்ம் கிங் மலையில் 1994 ஜூலை 2 அன்று மின்னல் விழுந்து தீப்பிடித்தது. சில நாட்கள் அது சின்னத் தீயாகவே இருந்தது. ஜூலை 6 அன்று தேர்ந்த வீரர்கள் மேற்குச் சரிவில் மேலிருந்து கீழாகத் தடுப்புக்கோடு, அதாவது தீ தாண்டாதபடி புல்லும் புதரும் நீக்கிய வெறுந்தரைப் பட்டை, வெட்டிக்கொண்டு போனார்கள். பிற்பகலில் காற்று வலுத்தது. தீ அவர்களுக்குக் கீழே இருந்த பள்ளத்தைத் தாண்டி, அடர்ந்த குட்டை ஓக் புதர்கள் வழியாக மேலே பாய்ந்தது. 14 பேர் இறந்தார்கள். அவர்களிடம் பயிற்சி இருந்தது, கருவி இருந்தது, வானொலித் தொடர்பும் இருந்தது. எரியாத புதர் கீழே இருந்தது, அவர்கள் மேலே இருந்தார்கள்.

நம் குரங்கணியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் தீயணைக்கப் போனவர்கள் அல்ல, காட்டைப் பார்க்க வந்தவர்கள். ஆனால் காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, பிற்பகல் காற்று, இந்த மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை அந்த மலை காட்டிவிட்டது. புதுப் பையன்களிடம் நான் முதலில் பேசுவது அதைப் பற்றித்தான்.

சரி, அப்படியென்றால் எப்படிப் போவது? கீழிருந்து, வால் பக்கமாக. ஓடையோ, பெரிய பாறையோ, ஏற்கெனவே எரிந்த நிலமோ ஓர் உறுதியான இடத்தில் வேலையைத் தொடங்குங்கள். அங்கிருந்து தீயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் மேலேறுங்கள். ஒரு கால் எப்போதும் கருகிய நிலத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காற்று திரும்பினால் கரிக்குள் கால் வைத்துவிடலாம், முழுக்கக் கருகிய இடம் மறுபடி எரியாது. தலையை நேராக மறிக்கப் போகாதீர்கள்.

மேலேதான் போக முடியும் என்றால் மேலேயே நில்லுங்கள். முகட்டைத் தாண்டி மறுசரிவில் கோடு வெட்டுங்கள். முகட்டில் தீயின் வேகம் உடையும், அங்கே அதைப் பிடிக்க வாய்ப்பு உண்டு. வேறு வழியே இல்லாமல் இறங்கித்தான் கோடு வெட்ட வேண்டுமென்றால், எதிர்மலையில் கண் வைத்தபடி ஓர் ஆள், அவர் கையில் வேலை செய்யும் வாக்கி டாக்கி, கீழே தீயின் அடிப்பகுதி ஏற்கெனவே கட்டுக்குள், எல்லாரும் ஒரு முறை நடந்து பார்த்த தப்பும் வழி, இத்தனையும் இருக்க வேண்டும். ஒன்று இல்லை என்றாலும் இறங்கக் கூடாது. காடு எரிந்தால் எரியட்டும்.

மாட்டிக்கொண்டால்? மேல்நோக்கி ஓடி ஜெயிக்க முடியாது. பக்கவாட்டில் கரிக்கோ பாறைக்கோ வழி தேடுங்கள். 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மேன் பள்ளத்தாக்கில் தீயணைப்புக் குழுத் தலைவர் வாக் டாட்ஜ், துரத்திவந்த தீக்கு முன்னால் புல்லில் தானே தீ வைத்து, அது எரித்துக் கொடுத்த சாம்பலில் குப்புறப் படுத்துப் பிழைத்தார். கூப்பிட்டும் யாரும் அவர் பின்னால் வரவில்லை. 13 பேர் இறந்தார்கள். கருகிய நிலத்தின் மதிப்பு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், புல்லில் மட்டுமே நடக்கக்கூடிய அந்த வித்தையைப் பழகாமல் யாரும் செய்யப் போகாதீர்கள்.

ஓடைப் பள்ளத்தில் நின்று மூச்சு வாங்குவது

நிழலும் தண்ணீரும் இருக்கிறது என்று உட்காருவார்கள். செங்குத்தான குறுகிய பள்ளம் காற்றை உறிஞ்சி மேலே தள்ளும், தீயும் அதே வழியில் வரும். உட்காராதீர்கள்.

எதிர்த்தீ

வரும் தீக்கு எதிரே நாமே வைத்து, அதற்கு எரிக்க ஒன்றும் இல்லாமல் செய்கிற தீ இது. குழுத் தலைவர் சொல்லாமல் யாரும் வைக்கக் கூடாது. கீழே யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

நைலான் சட்டை

உருகித் தோலில் ஒட்டும். பருத்தி போடுங்கள்.

ப்ளோயரைத் தீநாக்கின் மேல் பிடிப்பது

சருகு ஊதும் இயந்திரம் வந்த பிறகு வேலை எவ்வளவோ சுலபமாகிவிட்டது. சருகுக் காட்டில் பத்துப் பேர் கொப்பை வைத்து அடித்த வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். ஆனால் புதியவர்கள் குழாயை நேராகச் சுவாலையின் மேல் பிடிக்கிறார்கள். கங்கு பறந்து பின்னால் போய் விழும், அங்கே புதுத் தீ. குழாய் தரையை ஒட்டி இருக்க வேண்டும். எரியாத பக்கத்தில் நின்று, கருகிய பக்கம் நோக்கிச் சருகைத் தள்ள வேண்டும். இன்னொருவர் மண்வெட்டியோடு பின்னாலேயே வந்து, மிச்சமிருக்கும் கங்கை மூட வேண்டும். அந்த இரண்டாவது ஆள் இல்லாமல் ப்ளோயரை எடுக்காதீர்கள்.

கீழ் ஓரத்தை மறப்பது

தீ மேலே போகிறது என்று எல்லாரும் மேலேயே பார்ப்பார்கள். கீழே கட்டை உருளும். பைன் தோப்பில் எரியும் காய்கள் உருளும், மூங்கில் துண்டும் காய்ந்த அடிமரமும் உருளும். அவை கீழே எரியாத புல்லில் விழுந்து பற்றினால், மேலே நிற்கிற உங்களுக்குக் கீழே ஒரு புதுத் தீ. சரிவின் கீழ் ஓரத்தில் வெறும் கோடு போதாது. கோட்டைப் பள்ளமாக வெட்டி, தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் அணையாகக் குவித்தால்தான் உருண்டு வருவது அதில் விழுந்து நிற்கும். பெரிய கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே கிடக்கவிடாதீர்கள், நெடுக்காகத் திருப்பிப் போடுங்கள்.

அணைந்துவிட்டது என்று இறங்கி வருவது

சுவாலை போனதும் எல்லாருக்கும் பசி தெரியும், வீட்டு நினைவு வரும். ஆனால் சரிவில் தீ வேருக்குள் போகும், பட்டுப்போன மரத்தின் பொந்துக்குள் போகும். மேலே சாம்பல் வெள்ளையாக இருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். கோட்டை ஒட்டிய அடிமரங்களின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் தோண்டி, மண்ணோடு கலந்து, மறுபடி கை வைத்துப் பாருங்கள். புகைக்காமல் நிற்கும் பொந்து மரத்தையும் விடாதீர்கள். இரவில் ஒரு முறை சுற்றி வந்தால் பகலில் தெரியாத கங்கெல்லாம் சிவப்பாகத் தெரியும்.

அப்புறம், மறுநாள் காலையில் பார்த்துவிட்டு வந்தால் போதாது. வெயில் ஏறி, காற்று மேல்நோக்கித் திரும்பும் நேரத்தில்தான் மிச்சம் தலைதூக்கும். பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை எதிர்மலையில் ஓர் ஆள் இருக்கட்டும். அவருக்குச் சோறும் தண்ணீரும் மேலே அனுப்பிவிடுங்கள், சாப்பிட இறங்கி வரச் சொல்லாதீர்கள்.