தலைக்கு மேல் ஆர்டர்: கைவேலைத் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் பிளவுஸ் துணியில் கொக்கி ஊசியால் ஆரி எம்பிராய்டரி வேலை செய்பவர், காருகுறிச்சியில் மண்விளக்கு செய்பவர், பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர். தொழில் வேறு வேறு என்றாலும், “தலைக்கு மேல வேலை கெடக்கு” என்ற புலம்பல் ஒன்றுதான். ஆர்டர் நோட்டைப் புரட்டினால் சிக்கல் தொடங்கிய இடம் தெரிந்துவிடும். “எப்ப கிடைக்கும்?” என்று கேட்டவருக்கு, மணிக்கணக்கு பார்க்காமல் வாய்க்கு வந்த தேதியைச் சொன்ன நிமிஷம் அது.

ஆரி வேலையையே எடுத்துக்கொள்வோம். வீட்டு வேலை, பிள்ளைகள் பள்ளி எல்லாம் போக துணியை இழுத்துக் கட்டிய ஸ்டாண்ட் முன்னால் உட்கார முடிவது நாளுக்கு 5 மணி நேரம் என்று வைப்போம். வாரத்தில் 6 நாள், 30 மணி நேரம். டவுனுக்குப் போய் நூலும் கல்லும் வாங்க, போனில் பதில் சொல்ல, பார்சல் கட்ட 8 மணி நேரம் போய்விடும். ஊசி பிடிக்க மிஞ்சுவது 22. சாதா கழுத்து, கை வேலைக்கு 10 மணி நேரமும் கல்யாணப் பிளவுஸுக்கு 40 மணி நேரமும் ஆகும் என்றால், 4 கல்யாணப் பிளவுஸும் 6 சாதாவும் சேர்ந்து 220 மணி நேரம். நோட்டில் “10 ஆர்டர்” என்று சின்னதாகத் தெரிவது பத்து வாரத்து உழைப்பு. கல் உதிர்வது, அளவு மாறுவது போன்ற திருத்தத்துக்கு வாரம் 4 மணி நேரம் ஒதுக்கினால் பன்னிரண்டு வாரத்தையும் தாண்டும். வைகாசி முகூர்த்தத்துக்குச் சித்திரையில் வாங்கிய ஆர்டர் எப்படி முடியும்?

ஆகவே உங்கள் கைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். அடுத்த மூன்று உருப்படிகளுக்குத் தொடங்கிய நேரம், எழுந்த நேரம் இரண்டையும் ஒரு துண்டுச்சீட்டில் குறித்தால் போதும். காலண்டரில் ஆர்டரின் எண்ணிக்கையை எழுதாமல் மணி நேரத்தை எழுதுங்கள். ஒரு வாரக் கட்டம் நிரம்பிவிட்டால் அடுத்த ஆர்டருக்கு அடுத்த கட்டம்தான். மதினி கேட்டாலும் சரி, மதினியின் மதினி கேட்டாலும் சரி.

அடுத்த தவறு டிசைனை வாய்ப்பேச்சாக விடுவது. டிரேஸிங் பேப்பரில் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சால் தேய்த்துத் துணியில் கோடு இறக்கிய பிறகு, “மயிலுக்குப் பதிலா தாமரை வைங்களேன்” என்று குரல் வரும். கோடு இறக்கும் வரை மாற்றம் இலவசம், இறக்கிய பிறகு தனிக் கூலி என்பதை ஆர்டர் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். கல்லின் நிறம், ஜரியின் நிறம், அளவுப் பிளவுஸ் வந்ததா, கல்யாணத் தேதி, நாம் தரும் தேதி எல்லாம் அதே சீட்டில் இருக்கட்டும். தையற்காரருக்கும் நாள் வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பாகவே நம் கையை விட்டுத் துணி போய்விட வேண்டும். பாதிப் பணம் முன்பணமாக வராமல் கோடு இறக்க வேண்டாம்.

போன் விஷயம் சுருக்கமாக. வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரே எண் இருந்தால் இரவு பதினொன்றுக்கும் விலை சொல்ல வேண்டிவரும். இரண்டாவது சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, விலைப்பட்டியலைக் கேட்டலாக்கில் ஏற்றி, வேலை நேரத்துக்கு வெளியே தானாகப் பதில் போகும்படி வையுங்கள். மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை பார்த்தால் போதும்.

ஊர்க் காலண்டரை மறப்பதும் பெரிய தவறு. பங்குனி உத்திரத்துக்கு வீடே சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிவிடும். கோயில் கொடைத் திருவிழா வந்தால் இரண்டு மூன்று நாள் கை ஓடாது. அவற்றை முன்கூட்டியே காலண்டரில் அடித்துவிடுங்கள். மண்வேலைக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம்: கார்த்திகை விளக்குக்கு ஆர்டர் குவிவதும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் ஒரே நேரத்தில் வரும். ஈரம் போகாத விளக்கைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கும். ஆவணி, புரட்டாசி வெயிலிலேயே வனைந்து காயவைத்துவிட வேண்டும். கோரையும் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆரிக்காரர்களுக்கோ கல்யாணம் இல்லாத ஆடிதான் மாதிரி வேலைகள் செய்து வைக்க ஏற்ற மாதம். அதைத் தூங்கிக் கழித்தால் ஆவணியில் திண்டாட்டம்.

காகித வேலையைக் கண்டு பயப்படுவதும் பாதிச் சுமை. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்கென்று யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. துணி வாடிக்கையாளருடையது, கூலி மட்டும் நம்முடையது என்றால் அது சேவை. வரம்பு 20 லட்சம்.

ஏற்கெனவே மூழ்கியாயிற்று என்றால்? புது ஆர்டரை இன்றே நிறுத்துங்கள். கையில் இருப்பதையெல்லாம் ஒரே தாளில் கல்யாணத் தேதி வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மிச்சமுள்ள மணி நேரத்தைப் பக்கத்தில் போடுங்கள். முடிச்சுப் போடுவது, பார்சல் கட்டுவது போன்ற, தப்பினாலும் திருத்தக்கூடிய வேலையை உதவியாளுக்குத் தள்ளலாம். கோடு இறக்குவதைத் தள்ளக் கூடாது. வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை என்றால் 14416-க்கு அழையுங்கள்; டெலி மனஸ் என்ற இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

தாமதமாகப் போகிறவர்களுக்கு இன்றே போன் செய்ய வேண்டும். கெடுவுக்கு முந்தின நாள் சொன்னால் அவர்கள் வேறு ஆள் பார்க்கவும் வழியிருக்காது. பேச்சு இவ்வளவு போதும்: “அக்கா, வெள்ளிக்கிழம தாரேன்னு சொன்னேன், முடியாது. கழுத்தும் கையும் திங்கக்கிழமைக்குள்ள முடிச்சுத் தந்திருதேன். முதுகுல அந்த மயிலு வேணும்னா இன்னும் நாலு நாள் ஆகும். வேண்டாம்னா அந்தக் கூலியக் கழிச்சிருதேன். எதுன்னு இப்பவே சொல்லுங்க.”