மலையகத்திலிருந்து பரிமாற்ற மாணவராக ஒரு வருடம்: முதல் தடவை தயாராகிறவர்களுக்கு

வெளிநாட்டில் ஒரு குடும்பத்தின் வீட்டில் ஒரு வருடம் தங்கி, அந்த ஊர்ப் பிள்ளைகளோடு அதே பாடசாலையில் படித்துவிட்டுத் திரும்பி வருவதுதான் மாணவர் பரிமாற்றம். பெரும்பாலும் பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைகளுக்கானது. கொழும்பில் இதைப் பற்றிக் கேட்டறிய ஆள் இருக்கும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் விண்ணப்பிக்க நினைத்தால் யாரிடம் போய்க் கேட்பது? ஹட்டன் பக்கத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆங்கிலம் நன்றாக வந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதிகம் இடறுவது பத்திரங்களிலும், வாய் திறந்து கேட்கத் தயங்குவதிலும். அதனால் அந்த இரண்டையும் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புறப்படும் நாளுக்கு ஒன்றரை வருடம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: எந்தத் திட்டம் என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்

உலக அளவில் பெரிய திட்டங்களில் ஒன்று ரோட்டரி என்ற சமூக சேவைக் கழகங்களின் இளைஞர் பரிமாற்றம். விண்ணப்பம் உள்ளூர்க் கழகம் வழியாகத்தான் போகும். அதனால் உங்களுக்குக் கிட்ட உள்ள நகரத்துக் கழகம் இதில் பங்கெடுக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். இந்தத் திட்டத்தில் வழக்கமாக ஒரே வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் தங்க வைப்பார்கள். வாகனம் ஓட்டக் கூடாது, மது கூடாது, போதைப்பொருள் கூடாது, காதல் கூடாது என்று நான்கு கட்டுப்பாடுகள் உண்டு. மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏஎஃப்எஸ் என்ற அமைப்பு 1947 முதல் பள்ளி மாணவர் பரிமாற்றம் நடத்திவருகிறது. அமெரிக்காவுக்கு என்றால் பரிமாற்றத்தில் போகிறவர்களுக்குத் தரும் ஜே-1 வீசா. அதற்கு வயதெல்லை பதினைந்து முதல் பதினெட்டரை வரை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது வேலைக்குப் போகும் பயணம் இல்லை. "போன பிறகு அங்கேயே வேலை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு ஏஜென்சிக்காரர் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள், கடவுச்சீட்டை யார் கையிலும் விட்டுவைக்காதீர்கள். முழுச் செலவையும் குடும்பமே ஏற்கும் திட்டங்களுக்குப் பல ஆயிரம் டொலர் ஆகும். அதற்காக நகையை அடகு வைக்காதீர்கள், சேமலாப நிதியில் கை வைக்காதீர்கள். புலமைப்பரிசில் கிடைத்தால் போகலாம், இல்லாவிட்டால் அடுத்த வாய்ப்பைப் பார்க்கலாம். இது என் உறுதியான கருத்து.

படி 2: எல்லாப் பத்திரங்களிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா?

ஒரு மாலை நேரம் வீட்டில் உள்ள எல்லாப் பத்திரங்களையும் பாயில் பரப்புங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், அம்மா அப்பாவின் அடையாள அட்டைகள், அவர்களுடைய விவாகச் சான்றிதழ், உங்கள் பாடசாலை அறிக்கை. அப்புறம் ஒரு கொப்பியில் ஒவ்வொரு பத்திரத்திலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் அம்மா "லெட்சுமி", அடையாள அட்டையில் "லட்சுமி". அப்பா ஒன்றில் "பெருமாள் ராமையா", மற்றதில் வெறும் "ராமையா". தோட்டங்களில் இது வீட்டுக்கு வீடு இருக்கிற பிரச்சினை. பெயரைக் கேட்டு எழுதியவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருக்கும், அல்லது சொன்னவருக்கு எழுதத் தெரியாமல் இருந்திருக்கும். நம் ஆட்களுக்குள் இது பெரிய விஷயமாகத் தெரியாது. வீசா அதிகாரிக்கு அது இரண்டு வெவ்வேறு ஆட்கள்.

பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரைப் பார்த்துத் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். மாதக்கணக்கில் இழுக்கலாம். அதனால்தான் இதை இரண்டாவது படியிலேயே வைத்தேன்.

பெற்றோரின் விவாகம் பதியப்படாமல் இருந்தால் அதையும் இப்போதே பதிவாளரிடம் பேசுங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, எத்தனையோ குடும்பங்களில் இப்படித்தான். அம்மா மத்திய கிழக்கில் வேலை செய்கிறார் என்றால், பயணத்துக்கான சம்மதக் கடிதத்தை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டி வரும். அவருக்கு லீவு கிடைக்கும் நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

தேசிய அடையாள அட்டைக்குப் பதினைந்து வயதிலிருந்து விண்ணப்பிக்கலாம். பாடசாலை அதிபர் வழியாகச் செய்வதுதான் லேசு. அடுத்தது கடவுச்சீட்டு. பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமையகம் தவிர கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது. படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்தவருக்குத் தரும் கடவுச்சீட்டு மூன்று வருடத்துக்குத்தான் செல்லும் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அந்தப் புத்தகம் கையில் வரும் நாளில் வீட்டிலுள்ள முதியவர்களிடம் காட்டுங்கள். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மூத்தவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. கடைசியாக மிஞ்சியிருந்தவர்களுக்கும் வழி பிறந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். "இலங்கையர்" என்று உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது அவர்கள் பல வருடம் காத்திருந்த ஒன்று.

இன்னொன்று, விலாசம். பல தோட்டங்களில் இன்றும் கடிதம் லயத்து வாசலுக்கு வராது, தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். அங்கிருந்து உங்கள் கைக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முக்கியமான கடிதங்களுக்குப் பாடசாலை விலாசத்தையோ, டவுனில் நம்பிக்கையான ஒரு கடை விலாசத்தையோ அவர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

படி 3: விண்ணப்பமும் நேர்முகமும்

உங்களை ஏற்கப்போகும் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். "நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன்" என்றெல்லாம் எழுதாதீர்கள், ஆயிரம் பேர் அதைத்தான் எழுதுகிறார்கள். காலையில் தம்பியைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு எத்தனை மணிக்குப் பஸ் பிடிக்கிறீர்கள், தைப்பொங்கலுக்கு லயத்து வாசலில் என்ன நடக்கும், எந்தப் பாடத்தில் தூக்கம் வரும் என்பதை எழுதுங்கள். நாய்க்குப் பயமா, மாட்டிறைச்சி சாப்பிட மாட்டீர்களா? அதையும் எழுத வேண்டும். அங்கே நிறைய வீடுகளில் நாய் வீட்டுக்குள்ளேதான் வளரும். போன பிறகு சொல்வதைவிட இப்போது சொல்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

வீசா நேர்முகத்தில் சுருக்கமாக, உண்மையாக, நீங்களே பதில் சொல்லுங்கள். எங்கே போகிறீர்கள், யார் செலவழிக்கிறார்கள், திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் இருக்கட்டும். மனப்பாடம் செய்து ஒப்பிப்பது உடனே தெரிந்துவிடும்.

படி 4: தடுப்பூசிப் பதிவு

குழந்தையாக இருந்தபோது கிளினிக்கில் கொடுத்த சிறுவர் சுகாதாரப் பதிவேட்டைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டம் நல்லது, பெரும்பாலானவை ஏற்கெனவே போட்டிருப்பீர்கள். ஆனால் சின்னம்மைக்கான ஊசி அரச திட்டத்தில் இல்லை, சில நாட்டுப் பாடசாலைகள் அதைக் கட்டாயம் கேட்கும். அப்படியானால் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், இரண்டு தடவை இடைவெளி விட்டு. அதோடு, காசநோய் வராமல் இருக்கப் பிறந்தவுடன் போடும் பீ.சீ.ஜீ. ஊசியால் காசநோய்த் தோல் பரிசோதனையில் சிலருக்கு "இருக்கிறது" என்று காட்டலாம். அங்குள்ள மருத்துவரிடம் காட்ட அந்தப் பதிவின் பிரதி ஒன்றைக் கையில் வையுங்கள்.

படி 5: வாய் திறந்து கேட்கப் பழகுங்கள்

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, யார் வீட்டிலும் எதையும் கேட்கக் கூடாது என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அது நல்ல வளர்ப்பு. ஆனால் அங்கே பேசாமல் இருந்தால் மரியாதை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தப் பிள்ளைக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ என்று கவலைப்படுவார்கள்.

சாப்பாட்டையே பாருங்கள். நம் வீட்டில் விருந்தாளி "போதும்" என்றாலும் அம்மா இன்னொரு கரண்டி போடுவார், அவரும் சாப்பிடுவார். அங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் பாத்திரத்தை எடுத்து வைத்துவிடுவார்கள், நீங்கள் பசியோடு படுக்க வேண்டியதுதான். இதற்கு வீட்டிலேயே பழகுங்கள். ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டின்போது அக்காவோ அண்ணனோ ஒரே தடவை கேட்கட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் உண்மையான பதிலைச் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம் தர முடியுமா?", "இதை எப்படிப் பாவிப்பது?", "எனக்கு விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்" ஆகிய மூன்றும் வாயில் தானாக வரும்வரை சொல்லிப் பழக வேண்டும்.

குளியலறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் பீலியில் குளித்துப் பழகியவர்கள், தண்ணீரை வாரி ஊற்றுவோம். அங்கே பல வீடுகளில் குளியலறைத் தரையில் தண்ணீர் வடியத் துளையே இருக்காது. குளிப்பது தொட்டிக்குள் நின்று. திரைச்சீலையின் கீழ் ஓரம் தொட்டிக்கு உள்ளே தொங்க வேண்டும். வெளியே விட்டால் தண்ணீர் தரையில் ஓடி, மரவீடாக இருந்தால் கீழ்மாடிக்கூரை வழியாக ஒழுகும். முதல் நாளே "காட்டித் தாருங்கள்" என்று கேளுங்கள். துணி துவைக்கும் மெஷினுக்கும் அதேதான்.

பெண் பிள்ளைகள் மாதவிலக்குக்குத் தேவையானவற்றை எங்கே வாங்குவது, எங்கே போடுவது என்று அந்த வீட்டு அம்மாவிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். அவர்கள் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: யாராவது உங்களைத் தொடுவதோ பேசுவதோ சரியில்லை என்று தோன்றினால், அவர் எவ்வளவு நல்ல பெயர் எடுத்தவராக இருந்தாலும், அன்றைக்கே திட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லுங்கள். வீடு மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை. ஒருங்கிணைப்பாளருடைய இலக்கத்தைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதியும் வையுங்கள்.

படி 6: உங்கள் ஊரைச் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள்

"நீ இந்தியாவா?" என்று கட்டாயம் கேட்பார்கள். வகுப்பில் பத்து நிமிடம் பேசவும் சொல்வார்கள். கோப்பிக்கும் அதன்பின் தேயிலைக்கும் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், இருநூறு வருடமாக இந்த மலைகளில் வாழ்கிறோம், இலங்கையர்கள் என்று நான்கு வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தேயிலை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் முழிக்காதீர்கள். போவதற்கு முன் பக்டரிக்குள் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். கொழுந்தை வாட்டுவது, ரோலரில் உருட்டுவது, நொதிக்க விடுவது, காய வைப்பது, சலித்துத் தரம் பிரிப்பது என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அம்மா ஒரு நாளில் பறிப்பது எத்தனை கிலோ என்று அவரிடமே கேட்டு, அதில் எவ்வளவு தூள் வரும் என்று வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்தக் கணக்கை வேறு யாராலும் அவர்களுக்குச் சொல்ல முடியாது.

படி 7: பெட்டி

பெரும்பாலான விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. நுவரெலியாக் குளிரைப் பார்த்த தைரியத்தில் மெல்லிய ஜேர்சி இரண்டோடு போகாதீர்கள். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை போகும் இடங்கள் உண்டு. நுவரெலியா பேல் பஜாரில் ஏற்றுமதியில் மிஞ்சிய ஜாக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும், ஒன்று வாங்கலாம். பனிக்காலச் சப்பாத்தை அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். பரிசுக்கு முத்திரையிட்ட தேயிலைப் பெட்டிகள் போதும். கருவாடு, விதை, செடி, வீட்டில் அரைத்துக் கட்டிய தூள் வேண்டாம். பத்திரங்கள் எல்லாம் கைப்பையில்.

படி 8: வீட்டோடு பேச ஒரு நேரம்

தோட்டத்தில் சிக்னல் எங்கே பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்கும் காட்டிக்கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பை அவரே எடுக்கப் பழக்குங்கள். நேரத்தையும் பாருங்கள்: இங்கே இரவு ஏழு மணி என்றால் நியூயோர்க்கில் கோடையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. வார நாளில் நீங்கள் பாடசாலையில் இருப்பீர்கள், உங்களுக்கு இரவாகும்போது அம்மா பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடம்) போகும் அவசரத்தில் இருப்பார். அதனால் இங்கே ஞாயிற்றுக்கிழமை மாலைதான் சரி. தினமும் பேசினால் அழுகை இரண்டு பக்கமும் கூடும், முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

படி 9: திரும்பி வரும் இடத்தை உறுதி செய்யுங்கள்

சாதாரண தரப் பரீட்சை (சா/த) எழுதி முடித்து, உயர்தரம் தொடங்கும் முன் போவதுதான் நல்லது என்பது என் எண்ணம். ஒரு வருடம் பிந்தும், அதை வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். அதிபரிடம் உங்கள் இடத்தையும் பாடப்பிரிவையும் குறிப்பிட்டு, திரும்பி வந்ததும் சேர்த்துக்கொள்வதாக எழுத்தில் வாங்குங்கள். அதிபர் மாற்றலாகிப் போகலாம், வாய்ச்சொல் நிற்காது. பாடசாலை முத்திரையும் திகதியும் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வகுப்பாசிரியரிடமும் ஒன்றை வீட்டிலும் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.