மறுபதிப்புக்கு அட்டை மாற்றும்போது சறுக்கும் இடங்கள்

தைப்பூசக் காவடி நெருங்குகிறது, பாமாலைப் புத்தகம் கையிருப்பில் இல்லை. மொரீஷியஸ் கோயில் சங்கம் ஒன்று இந்த அவசரத்தில் என்ன செய்யும்? பழைய அட்டைக் கோப்பைத் திறந்து, ‘முதற்பதிப்பு’ என்பதை ‘இரண்டாம் பதிப்பு’ என்று மாற்றி அச்சகத்துக்கு அனுப்பிவிடும். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் அடிபடுவது முதுகு, அதாவது அலமாரியில் வைத்தால் வெளியே தெரியும் கட்டுப் பக்கம். 144 பக்கமாக இருந்த புத்தகம் புதுப் பாடல்கள் சேர்ந்து 208 பக்கம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 16 பக்கத்துக்கு ஒரு ஃபாரம் (சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதி) என்று 9 ஃபாரம் 13 ஆகிறது. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. 104 தாளுக்கு 10.4 மி.மீ., முன்னட்டை பின்னட்டைக் கனத்தோடு 11 மி.மீ. பழைய கோப்பில் இருப்பதோ 8 மி.மீ. முதுகு. அப்படியே அச்சடித்தால் குறையும் 3 மி.மீ. இரு பக்கமும் பிரிந்து, முன்னட்டைப் படத்தின் ஓரம் ஒன்றரை மி.மீ. முதுகில் ஏறும், வெளியோரத்தில் வெட்டுக்கு விட்ட 3 மி.மீ. ப்ளீடும் பாதியாகும். 140 × 215 மி.மீ. டெம்மி அளவுக்குச் சரியான அட்டை அகலம் 140 + 11 + 140, இரு பக்க ப்ளீடு 6 சேர்த்து 297 மி.மீ. தாளுக்குத் தாள் கனம் மாறும் என்பதால், அதே தாளில் அச்சிடாத மாதிரிப் புத்தகம் (டம்மி) ஒன்று கட்டித்தரச் சொல்லி அளந்துவிட்டே கோப்பை முடியுங்கள்.

முதுகு எழுத்தின் திசையும் இந்தத் தீவில் ஒரு தனித் தலைவலி. பிரெஞ்சுப் புத்தகங்களில் தலைப்பு பெரும்பாலும் கீழிருந்து மேலே போகும், ஆங்கிலப் புத்தகங்களில் மேலிருந்து கீழே. போர்ட் லூயிஸில் அச்சிட்ட முதற்பதிப்பு ஒரு திசையிலும், சென்னையில் அச்சிட்ட இரண்டாம் பதிப்பு மறு திசையிலும் இருந்தால், அலமாரியில் ஒரே நூல் இரண்டு நூலாகத் தெரியும். முதற்பதிப்பின் திசையையே பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது மட்டும் வேண்டாம்: ‘கொ’வின் கொம்பும் காலும் ஆளுக்கொரு வரியில் போய் நிற்கும்.

அட்டையில் பல மொழி வந்தால் எது மேலே என்பதை வடிவமைப்பாளரின் ரசனைக்கு விடாதீர்கள். 1998இல் வந்த மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் தேவநாகரி வந்ததற்கு எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு 1999இல் வரிசை மாற்றி வெளியாயின. வரிசையை இங்கே எல்லோரும் பார்ப்பார்கள். முதற்பதிப்பில் தமிழ் மேலே இருந்தால் அது மேலேயே இருக்கட்டும்.

எழுத்துருவுக்கு வருவோம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாற்றியபின் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசரைப் போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். அச்சுக்கு அனுப்பும் பிடிஎஃபில் தலைப்பை அவுட்லைன் (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கிவிடுங்கள். திருத்தத்துக்கு மூலக்கோப்பைத் தனியே வையுங்கள். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூலானால் ‘பாமாலை’யின் லை, முன்னால் யானைத் துதிக்கை போல வளையும் பழைய வடிவில் இருக்கும். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் புது எழுத்தில் போடுவது ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி. முழுத் தலைப்பையும் பழைய வடிவில் வரையச் சொல்லுங்கள், இல்லையென்றால் முழுவதும் புதிது.

பழைய அட்டையையே ஸ்கேன் செய்து படமாக்குவதும் வழக்கம். அச்சுப்புள்ளிகளோடு புதிய புள்ளிகள் மோதி முருகன் முகத்தில் வலைபோலக் கோடு விழும். மூல ஓவியத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்கேனரில் ‘டீஸ்கிரீன்’ (அச்சுப்புள்ளிகளைக் கரைக்கும் வசதி) போட்டு, 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல் எடுங்கள். பாடல் திரட்டியவர் கொடுத்த அனுமதி ஓவியத்துக்குச் செல்லாது; ஓவியரிடம் தனியே கேட்க வேண்டும்.

லேமினேஷனில் ஏமாறுவது மழைக்காலத்தில்தான் தெரியும். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் படலம் ஈரத்தை விடாது. உட்பக்க அட்டை உறிஞ்சி விரியும். கியூர்பிப் போன்ற மேட்டு ஊர்களின் ஈரக்காற்றில் முன்னட்டை வாய் பிளந்து நிற்பது இதனால்தான். அட்டையின் நார் முதுகுக்கு இணையாக ஓடுமாறு வெட்டச் சொல்லுங்கள், 300 ஜிஎஸ்எம் அட்டையாகக் கேளுங்கள். சுருளாத நைலான் படலம் கிடைத்தால் காசைப் பார்க்காதீர்கள்.

கடைசியாக ஐஎஸ்பிஎன், அதாவது நூலுக்கான பன்னாட்டு அடையாள எண். அட்டை மட்டும் மாறினால் பழைய எண்ணே போதும். உள்ளே கணிசமாகச் சேர்த்தாலோ கெட்டி அட்டையாக்கினாலோ புது எண் வேண்டும். எண் பதிப்பிப்பவருடையது, அச்சிடுபவருடையது அல்ல. சென்னை அச்சகம் ‘நாங்களே போட்டுவிடுகிறோம்’ என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். பார்கோடைச் சிவப்பில் அச்சடிக்காதீர்கள், ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அது வெள்ளையாகவே தெரியும். பின்னட்டையில் பழைய பார்கோடு தங்கிவிட்டால், கல்லாவில் வைத்ததும் முதற்பதிப்பின் பெயரும் விலையும்தான் வரும்.