சேலத்திலிருந்து திமிங்கிலம் பார்க்க: சின்னப் படகில் ஏறும் முன்னும், ஏறிய பின்னும்

கடற்கரையில் கால் நனைத்துப் பழகியவர்களுக்குச் சின்ன பைபர் படகில் நடுக்கடலில் நான்கு மணி நேரம் உட்காருவது வேறு அனுபவம். முன்னேற்பாடு இல்லாமல் போனால் பாதி நேரம் வாந்தியிலேயே போய்விடும். அந்த ஏற்பாட்டில் பெரும்பகுதியைச் சேலத்திலேயே முடித்துக்கொள்ளலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு எங்கள் பரிந்துரை திருகோணமலை. துறைமுகத்தை ஒட்டியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால் நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் கரைக்கு அருகில் வருகின்றன. படகோட்டிகளுடன் தமிழிலேயே பேசலாம். மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே காலைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பள்ளி விடுமுறையோடும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நேரம் கிடைக்கும் என்றால் இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிசைக்குப் போகலாம். அங்கே கூட்டத்தை ஏற்றும் பெரிய படகுகள் அதிகம். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம். அங்கிருந்து திருகோணமலைக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாவது குடும்பத்தோடு ஒருமுறை ஏற்காடு பஸ்ஸில் போய் வாருங்கள். கடைசி சீட்டில் உட்காருங்கள். அடிவாரத்துப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் யாருக்குத் தலை சுற்றுகிறது, யாருக்கு வாயில் எச்சில் ஊறுகிறது என்று கவனியுங்கள். மலைப்பாதையில் குமட்டுகிறவருக்குக் கடலிலும் குமட்ட வாய்ப்பு மிக அதிகம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: உள்காது உணரும் ஆட்டமும் கண் பார்ப்பதும் ஒத்துப்போவதில்லை. அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, வீட்டில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். சிலருக்கு நாள் முழுக்கத் தூக்கம் தள்ளும். அது படகில் தெரியவரக் கூடாது. குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் மாத்திரை வயிற்றில் தங்காது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

அதே நாளில் ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகு எடுங்கள். ஏறும்போது விளிம்பில் காலை வைக்காமல், படகின் நடுக்கோட்டில் வைத்து உடனே உட்காரப் பழகுங்கள். பைனாகுலரையும் அங்கேயே சோதித்துவிடலாம். 10 மடங்கு பெரிதாக்குவது ஆடும் படகில் எதையும் நிலையாகக் காட்டாது. 7 மடங்கும் 50 மில்லிமீட்டர் முகப்பும் உள்ளதைத்தான் கடலோடிகள் வைத்திருப்பார்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் ஆட்டம் குறையும்.

இனி, எல்லாவற்றையும் விட முக்கியமானது: படகோட்டி. திருகோணமலை நகருக்கு வடக்கே உள்ள உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் படகு பேசலாம். விலை பேசும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? ஒவ்வொருவருக்கும், குழந்தைக்கும் சேர்த்து, உயிர்காப்பு அங்கி உண்டா? மோட்டார் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? கரையோடு பேச வழி என்ன? நான்குக்கும் தயங்காமல் பதில் வர வேண்டும். பிறகு, "அண்ணை, திமிங்கிலம் தெரிஞ்சா எவ்வளவு தூரத்துல நிப்பாட்டுவீங்க?" என்று கேளுங்கள். "பக்கத்துலயே கொண்டுபோய்க் காட்டுறன்" என்பவரை விட்டுவிடுங்கள். "அது எந்தப் பக்கம் போகுதெண்டு பாத்துத்தான் நிப்பாட்டலாம்" என்பவர் கடலிலேயே வளர்ந்தவர். அவர் கேட்கும் கூலியைக் குறைக்கப் பார்க்காதீர்கள். 'நிச்சயம் காட்டுவேன்' என்ற உறுதிமொழியும் நல்ல அறிகுறி அல்ல. கடலில் அப்படி யாராலும் சொல்ல முடியாது.

காலை 6 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறியதும் காற்று எழும்பி அலைமுகடுகள் வெள்ளையாக உடையத் தொடங்கிவிட்டால், திமிங்கிலம் விடும் மூச்சை அந்த வெள்ளையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு இட்லி போதும். தட்டுவடை செட் மாதிரி எண்ணெயும் காரமும் முந்தின நாள் இரவிலிருந்தே வேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கயிறு கட்டிய தொப்பி, முழுக்கைச் சட்டை, போனுக்குத் தண்ணீர் புகாத உறை.

உயிர்காப்பு அங்கியின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டிய பிறகு, தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே இழுக்கட்டும். காதுவரை ஏறினால் அது தளர்ச்சி. தண்ணீரில் விழுந்தால் தலைக்கு மேல் கழன்றுவிடும். முதுகுவலி உள்ளவர்கள் படகின் முன்பக்கம் உட்காரக் கூடாது. அலையில் ஏறி விழும் அடி முழுவதும் அங்கேதான் விழுகிறது. பின்னால் மோட்டார் புகை. நடுவில் ஆட்டமும் குறைவு, புகையும் குறைவு. கர்ப்பிணிகள் சின்னப் படகைத் தவிர்த்துவிடுங்கள். குமட்டினால் போனைப் பார்க்காமல், குனியாமல், வானமும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். வாந்தி வந்தால் பைதான் நல்லது. விளிம்பில் எட்டிக் குனிவது ஆபத்து.

திமிங்கிலத்தின் உடம்பைத் தேடாதீர்கள், மூச்சைத் தேடுங்கள். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேராக, உயரமான ஒற்றைத் தூணாக எழும். 9 மீட்டர் வரைகூடப் போகும். விந்துத் திமிங்கிலத்தினுடையது தாழ்வாக, இடது முன்பக்கம் சாய்ந்து புதர் மாதிரி விரியும். படகின் முனையை 12 மணியாக வைத்து "இரண்டு மணிப் பக்கம்" என்று சொன்னால் எல்லோரும் ஒரே இடத்தைப் பார்க்கலாம். "அதோ, அதோ" என்று கத்தினால் யாருக்கும் எதுவும் தெரியாது.

மூழ்கிய இடத்தில் எண்ணெய் விட்டதுபோல் வழவழப்பான வட்டம் மிதக்கும். அது வாலடித்த தடம். தடங்கள் வரிசையாக இருந்தால் அவை போகும் திசையில்தான் அது மீண்டும் எழும். நீலத் திமிங்கிலம் பெரும்பாலும் பத்து நிமிடத்தை ஒட்டி மேலே வரும். விந்துத் திமிங்கிலம் வாலைத் தூக்கி இறங்கிவிட்டால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை அந்த இடத்தையே சுற்றாமல் வேறு பக்கம் தேடுவது நல்லது.

100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது. அந்தத் தூரம் எவ்வளவு என்று சேலம் ஜங்ஷன் நடைமேடையில் பார்த்து வையுங்கள்: நாலே கால் ரயில் பெட்டி. இந்தக் கடலின் வளர்ந்த நீலத் திமிங்கிலம் ஏறக்குறைய ஒரு பெட்டி நீளம் இருக்கும் என்பதால், அங்கிருந்தே கண் நிறையத் தெரியும். படகு பக்கவாட்டில், அதன் போக்குக்கு இணையாக, மெதுவாகப் போக வேண்டும். முன்னால் மறித்தாலும் பின்னால் விரட்டினாலும் போதுமான மூச்சு எடுக்காமலே அது மூழ்கிவிடும். உங்களுக்கும் காட்சி போய்விடும், அதற்கும் சிரமம். தாயும் குட்டியும் சேர்ந்து தெரிந்தால் இன்னும் விலகிப் போகச் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம் கிட்ட" என்ற வார்த்தை பயணியின் வாயிலிருந்துதான் முதலில் வருகிறது. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.

ஒரு நாள் காலை வெறுங்கடலாகவும் முடியலாம். அதனால் இரண்டு காலைகளை ஒதுக்குங்கள். கரை திரும்பியதும் பைனாகுலரோடு திருக்கோணேஸ்வரம் போங்கள். கோயில் நிற்கும் செங்குத்துப் பாறையின் மேலிருந்து, தாழ்வாகத் தெரியும் ஆழ்கடலை இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள். மூச்சுத் தூண்கள் அங்கிருந்தும் தெரிவதுண்டு.