ஆனி பாப்பிரஸ்ல முதல் வரி படிக்கிறது எப்படி?

ஹைரோகிளிஃப், அதாவது பழைய எகிப்தியரோட பட எழுத்து, கத்துக்கணும்னு உக்கார்ற எல்லாரும் முதல்ல பண்றது, நெட்ல கிடைக்கிற ஏ டூ இசட் சார்ட்ட பாத்து தன் பேர எழுதிப் பாக்குறது. நானும் அதான் பண்ணேன், அப்புறம் நிஜ சுருள் போட்டோவ திறந்தா ஒரு வார்த்தை கூட நகரல. அதனால இங்க வேற ரூட், திரும்பத் திரும்ப வர்ற சில சொற்கள மட்டும் பிடிச்சுக்கப் போறோம்.

பிராக்டிஸுக்கு ஆனி பாப்பிரஸ் எடுத்துக்கோங்க. ஆனிங்கிற எகிப்திய எழுத்தருக்காக எழுதின "இறந்தோர் நூல்" (செத்தவருக்கு உதவுற மந்திரங்களோட தொகுப்பு) இது. கி.மு. 1250 வாக்குல எழுதினது, 1888ல எகிப்து ஆய்வாளர் வாலிஸ் பட்ஜ் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக வாங்கினது. 23 மீட்டருக்கு மேல நீளமான சுருள், அத 37 துண்டா வெட்டிட்டாங்க (வயிறு எரியுது). ஆன்லைன்ல நல்ல போட்டோ கிடைக்குது.

ஸ்டெப் 1: எந்தப் பக்கத்துல இருந்து படிக்கிறது? பறவை, மனுஷன் முகம் எந்தப் பக்கம் பாக்குதோ அங்கருந்து ஆரம்பிக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க. கோயில் சுவர்ல அது சரி. ஆனா இந்த மாதிரி சுருள்கள்ல பெரும்பாலும் மாட்டிக்குவீங்க, ஏன்னா முகமெல்லாம் வலப்பக்கம் பாத்துட்டு இருக்கும் ஆனா பத்திகள (மேலருந்து கீழ போற செங்குத்து வரிசைகள) இடமிருந்து வலமா படிக்கணும், அதே சமயம் ஒரு பத்திக்குள்ள ரெண்டு குறி பக்கத்துல பக்கத்துல இருந்தா அத மட்டும் முகம் பாக்குற பக்கத்துல இருந்தே படிக்கணும். குழப்பமாத்தான் இருக்கும், நான் ரெண்டு நாள் தலைகீழா படிச்சிட்டு இருந்தேன்.

ஸ்டெப் 2: சிவப்பு மை தேடுங்க. மத்த வரியெல்லாம் பெரும்பாலும் கருப்பு, தலைப்பு சிவப்பு. பல தலைப்பு வாய் குறியோட ஆரம்பிக்கும், அடுத்து அலை அலையா தண்ணிக் கோடு. வாய்னா "ரா", அதாவது மந்திரம். தண்ணி "ன்", நம்ம "உடைய" மாதிரி.

ஸ்டெப் 3: இந்த நூலுக்கு எகிப்தியர் வச்ச பேரையே படிச்சிடலாம், "பெரெத் எம் ஹெரூ", பகல்ல வெளிய வர்றது. முதல்ல வீடு குறி, மேல இருந்து பாத்த பிளான் மாதிரி, கீழ்ப்பக்கம் திறந்த கட்டம். அது ஒண்ணே "ப்ர்". அப்புறம் வாய் "ர்", ஆனா அத "ப்ர்ர்"னு படிக்கக் கூடாது, ஏற்கனவே இருக்கிற ர்-அ ஞாபகப்படுத்துற துணை எழுத்துதான். ரொட்டித் துண்டு "த்". கடைசில நடக்கிற ரெண்டு கால், அதுக்கு சத்தமே கிடையாது, "இது நகர்ற விஷயம்"னு மட்டும் சொல்லும். ஆந்தை "ம்". ஹெரூ முடிவுல சூரிய வட்டம் இருக்கும், அதுக்கும் சத்தமில்ல. உயிரெழுத்து எழுத மாட்டாங்க, புள்ளி வச்ச மெய்ய மட்டும் எழுதினா எப்படி இருக்கும், அப்படி. நடுவுல "எ" போடுறது நம்ம வாய் வசதிக்கு.

ஸ்டெப் 4: செத்தவர் பேர். சிம்மாசனம், கண்ணு, உக்காந்த தெய்வம் சேந்து வந்தா "ஒசைரிஸ்". ஒசைரிஸ்னா செத்தவங்க உலகத்தோட தெய்வம், செத்தவர் ஒசைரிஸ் ஆயிடறார்னு நம்பிக்கை, அதனால பேருக்கு முன்னாடி பட்டம் மாதிரி ஒட்டிக்கும். அடுத்து எழுதுகோல் செட் குறி, "எழுத்தர்". பேருக்குப் பின்னாடி "மாஆ கெரூ", குரல் உண்மையானவர், அதுல துடுப்பு குறி வரும். ஒசைரிஸுக்கும் "மாஆ கெரூ"வுக்கும் நடுவுல எழுத்தர் போக மிச்சம் இருக்கிறது ஆனியோட பேர். சில சுருள்கள் ரெடிமேடா எழுதி பேருக்கு மட்டும் இடம் விட்டு வித்ததால இந்த இடத்துல கையெழுத்து மாறினாலும் ஆச்சரியப்படாதீங்க.

ஹோம்வொர்க்: இதயத்த தராசுல வைக்கிற படத்துல ஆனிக்கு பின்னாடி அவர் மனைவி துது நிப்பாங்க. சுருள்ல அவங்க பேர் வர்ற இடங்கள்ல ஒரு கூடை, பக்கத்துல நம்ம பழைய வீடு குறி தேடுங்க. அது "நெபெத் பெர்", வீட்டு எஜமானி.