தனியே நிற்கும் யானைக்குட்டியைக் கண்டால் என்ன செய்வது

இலங்கையின் வன்னியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முத்தையன்கட்டுப் பக்கங்களில் யானைக்குட்டி ஒன்று தனியே நின்றால், சனம் முதலில் போன் எடுப்பது மிருக வைத்திய அலுவலகத்துக்குத்தான். மாட்டுக்கு ஊசி போட வருகிறவர்களின் நம்பர்தான் எல்லோரிடமும் இருக்கும். கால்நடைப் போதனாசிரியராக இருந்த எனக்கு யானைக்குட்டிகளோடு பழக்கம் வந்தது அப்படித்தான். ஓய்வு பெற்ற பிறகும் போன் வருகிறது. போனில் திரும்பத் திரும்பச் சொல்லுகிறதை இங்கே எழுதி வைக்கிறேன்.

தனியே நிற்கும் குட்டியெல்லாம் தாயில்லாக் குட்டி இல்லை. வாய்க்காலில் இறங்கி ஏற முடியாமல் போனது, கிணற்றில் விழுந்தது, வெடிச்சத்தத்துக்குக் கூட்டம் ஓடும்போது பின்தங்கியது என்று பல விதம் உண்டு. பகலில் சனத்தின் இரைச்சலுக்கு ஒதுங்கிப்போன கூட்டம் அநேகமாகக் கிட்டத்தில்தான் காட்டுக்குள் நிற்கும். பொழுதுபட்டு ஊர் அடங்கினால் தேடி வரும். குட்டியைக் காட்டு யானையாக வளர்க்கத் தாயையும் பெரியம்மா, சின்னம்மாக்களையும் விட ஆளில்லை. ஆகவே முதல் நாள் நீங்கள் செய்வதெல்லாம் அதைக் கூட்டத்தோடு சேர்க்கும் வேலையாகவே இருக்கட்டும். 'பாவம், வீட்டுக்குக் கொண்டுபோவோம்' என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். சட்டப்படியும் அது குற்றம்.

கண்டவுடன் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணிக்குக் கண்டீர்கள், குட்டியின் உயரம் உங்கள் முழங்காலுக்கா இடுப்புக்கா, உடம்பில் காயம் அல்லது கம்பி ஏதும் தெரிகிறதா, கூட்டத்தின் சத்தம் எந்தத் திசையில் கேட்டது: இவ்வளவும் வேண்டும். பிறந்த குட்டி ஏறக்குறைய மூன்றடி உயரமும் நூறு கிலோ நிறையும் இருக்கும். தொப்புள்கொடி காயாமல் தொங்கினால் அதையும் சொல்லுங்கள். வைத்தியருக்குக் காட்ட ஒன்றிரண்டு படம் போதும். அந்தப் படத்தை இடத்தின் பெயரோடு முகநூலில் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு யானைக்கூட்டம் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காது.

எங்கள் பகுதியில் அடிக்கடி நடப்பது கிணற்று விழுகைதான். இடம்பெயர்ந்துபோய்த் திரும்பாத குடும்பங்களின் காணிகளில் கட்டில்லாத கிணறுகள் பற்றை மூடிக் கிடக்கின்றன. விழுந்த குட்டியைக் கழுத்தில் கயிறு போட்டுத் தூக்கப் பார்க்காதீர்கள். கழுத்து இறுகும், கால் முறியும். தண்ணீர் கூடவென்றால் வாட்டர் பம்பால் இறைத்துக் குறையுங்கள். பிறகு மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் பிடித்து, காட்டுப் பக்கமாகவே கிணற்றின் ஒரு கரையை வெட்டிச் சரிவாக்க வேண்டும். ஊர்ப் பக்கம் வெட்டினால் ஏறி வரும் குட்டி நேரே சனத்துக்குள் வந்துவிடும். சரிவு வந்ததும் பெக்கோவை நிறுத்தி, லைட்டுகளை அணைத்து, எல்லோரும் நன்றாகத் தள்ளிப் போய்விடுங்கள். குட்டி ஏறுகிறதா என்று எட்டிப் பார்க்க ஒருவரும் நிற்க வேண்டாம். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் அகப்பட்ட மனிதருக்குத் தப்ப வழியில்லை.

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதை நம்பிக் குட்டியைக் கைவிடாதீர்கள். 2023 டிசம்பரில் தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், வழி தவறிய குட்டியொன்றை வனத்துறையினர் மீட்டு, ட்ரோனால் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தார்கள். பிறகு அந்தக் குட்டி தாயின் அணைப்பில் படுத்துறங்கும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் தேவையில்லாமல் தொடாமல் இருப்பதுதான் நல்லது.

சரி, தாய் இல்லை என்று எப்போது முடிவெடுப்பது? அந்த முடிவு வனசீவராசிகள் வைத்தியருடையது. தாயின் உடல் பக்கத்தில் கிடந்தால் சந்தேகமில்லை. வேலிக்குக் களவாகக் கொடுத்த மின்சாரம், பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு, ஹக்கபட்டாஸ் என்கிற பன்றி வெடி, ரயில் என்று வன்னியில் யானை சாகிற வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். உடல் கிடைக்காவிட்டால், இரவில் யாரும் தேடி வந்தார்களா என்று விடிய அடிச்சுவடு பார்ப்பார்கள். குட்டியின் கன்னப்பொறி குழிந்து முதுகெலும்பு தெரியத் தொடங்கினால் இனிக் காத்திருக்க முடியாது என்று அர்த்தம். இரண்டு வயதுக்குட்பட்ட குட்டி பாலில்லாமல் பிழைப்பது அரிது.

வைத்தியர் வந்து சேரும் வரையான மணித்தியாலங்கள்தான் உங்கள் கையில் இருப்பவை. இதில்தான் நல்ல மனத்தோடு கெடுதல் செய்துவிடுகிறோம்.

பசுப்பால் கொடுக்காதீர்கள். ஒருமுறை ஒரு பெரியவர் செம்பு நிறையக் கறந்த பாலோடு வந்து நின்றார். "பிள்ளை, பால்தானே, குடிக்கட்டும் விடு" என்றார். "அப்பு, இந்தப் பாலை இதன் வயிறு தாங்காது, கழிச்சல் பிடித்தால் நாளைக்கே போய்விடும்" என்றேன். அவருக்கு மனம் கேட்கவில்லை, செம்பைப் பிடித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரக்கம்தான், ஆனால் யானைக்குட்டிக்கு அந்தப் பால் ஒத்துவராது. தாய் யானையின் பாலின் கொழுப்பும் சீனியும் வேறு. கென்யாவில் தாயில்லா யானைக்குட்டிகளை வளர்த்த டாஃப்னி ஷெல்ட்ரிக் பல வருடங்கள் பல குட்டிகளை இழந்த பிறகுதான், பசுப்பால் கொழுப்பை விலக்கித் தேங்காய்க் கொழுப்புச் சேர்த்த பால் ஆபிரிக்க யானைக்குட்டிக்குச் சரிவரும் என்று கண்டுபிடித்தார். கைக்குழந்தைப் பால்மாவானாலும் எது, எவ்வளவு என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் கரைக்க வேண்டும். அதுவரைக்கும் கொதித்தாறிய தண்ணீர். வைத்தியர் போனில் சொன்னால் ஜீவனி என்கிற, கழிச்சலுக்குக் கொடுக்கும் உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் கொடுக்கலாம். போத்தலை வாய்க்குள் திணித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். தும்பிக்கைக்குள் ஊற்றவே கூடாது. குட்டி வாயால்தான் குடிக்கும், தும்பிக்கையால் உறிஞ்சிக் குடிக்கப் பழக அதற்கு மாதக்கணக்காகும்.

கிட்ட நின்று பார்த்தால், பசித்த குட்டி தும்பிக்கையை நெற்றிக்கு மேலே சுருட்டிக்கொண்டு உங்கள் கைமடிப்புக்குள்ளும் கக்கத்துக்குள்ளும் வாயை வைத்துத் தேடும். தாயின் மடி முன்னங்கால்களுக்கு நடுவில் இருப்பதால், மேலே ஒரு நிழலும் பக்கத்தில் ஒரு சொரசொரப்பும் இருந்தால்தான் அதற்குப் பால் குடிக்க மனம் வரும். அதனால் கொப்பில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, அதன் மேல் தும்பிக்கையைச் சாய்க்க விட்டு, சாக்குக்குக் கீழாலே போத்தலை நீட்டுங்கள். நீங்கள் சாக்குக்குப் பின்னால் இருங்கள். குட்டி தேட வேண்டியது சாக்கை, உங்களை இல்லை.

பகலில் மரநிழல் வேண்டும், நிழல் இல்லாவிட்டால் தறப்பாள் கட்டுங்கள். குட்டியின் தோல் வெயிலில் பொரியும், நனைந்த சாக்கு போட்டுவிடுங்கள். இரவில் அதை எடுத்துவிட்டுக் காய்ந்த சாக்கும் கீழே வைக்கலும். பக்கத்தில் இரண்டு பேர், அதே இரண்டு பேர்தான். நாய்களைக் கட்டிவையுங்கள். பிள்ளைகளைத் தடவ விடாதீர்கள், பெயர் வைக்க விடாதீர்கள். பாட்டுப் போடுவது, செல்ஃபி எடுப்பது ஒன்றும் வேண்டாம். மனிதரிடம் சாப்பாடு கிடைக்கும் என்று பழகிய குட்டி, வளர்ந்து பெரிய யானையான பிறகும் குடிமனைக்கே வரும். அந்த நேரம் அதற்கு வெடிதான் கிடைக்கும். காட்டுக்குத் திரும்புவதற்கான பயிற்சி உங்கள் காணியிலேயே, அந்த முதல் இரவிலேயே தொடங்குகிறது.

வைத்தியர் அனுப்பத் தீர்மானித்தால் குட்டி போவது உடவளவைக்கு. அங்கே யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்தை வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் தொடங்கியது. முல்லைத்தீவிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வெயில் தாழ்ந்த பிறகு புறப்படுவது நல்லது. லொறித் தட்டில் வைக்கல் தடிப்பாகப் பரப்பி, பக்கங்களுக்கு வைக்கல் அடைத்த சாக்குகளைக் கட்டிக் கொடுங்கள். ஊர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

அங்கே மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால். புனலும் இறப்பர்க் குழாயும் வைத்து ஊற்றுவார்கள், குடித்து முடிந்ததும் குட்டி மற்றக் குட்டிகளோடு மேய்ச்சலுக்குப் போய்விட வேண்டும். பார்க்க வருகிறவர்கள் தூரத்து மேடையில் நின்றுதான் பார்க்கலாம், தொட முடியாது. பின்னவல யானைகள் அநாதை இல்லத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். 1975இல் தொடங்கிய அந்த இல்லத்தின் யானைகள் மனிதரோடு வாழ்கிறவை, கண்ணிவெடியில் பாதம் போன சாமா என்ற யானையும் அங்கேதான் வளர்ந்தது. உடவளவையின் நோக்கம் வேறு. கென்யாவில் பராமரிப்பாளர் குட்டியோடு இரவில் படுத்துறங்குவார், பிறகு வருடக்கணக்காக மெல்ல மெல்ல விலகுவார். அங்கேயும் யானைகள் காட்டுக்குத் திரும்புகின்றன. ஆனால் காடும் வயலும் ஒட்டிக் கிடக்கிற எங்கள் நாட்டுக்குக் கையை முதலிலேயே விலக்குகிற உடவளவை முறைதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

பால் மறந்து, புல்லும் இலையும் தின்று தேறி, நாலு ஐந்து வயதளவில் குட்டிகளை விடுவிப்பார்கள். தனியே விடுவதில்லை. ஒன்றாக மேய்ந்து பழகிய குட்டிகளைச் சேர்த்தே விடுவார்கள், ஏனென்றால் தாயில்லாத குட்டிக்கு அந்தக் கூட்டுத்தான் குடும்பம். சிலவற்றுக்கு ரேடியோக் கழுத்துப்பட்டி கட்டி எங்கே திரிகின்றன என்று பின்தொடர்வார்கள். முதல் விடுவிப்பு 1998இல் நடந்தது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டவை உடவளவை, மாதுரு ஓயா, லுணுகம்வெஹர போன்ற காடுகளுக்குப் போயிருக்கின்றன. அவற்றில் பெண் யானைகள் காட்டிலேயே குட்டி போட்டும் இருக்கின்றன. உடவளவைப் பக்கம் போகிறவர்கள் வீதியோர மின்வேலிக்கு அருகே நிற்கும் யானைகளுக்கு வாழைப்பழம் எறியாமல் வந்தால், இந்த உழைப்பு வீணாகாது.

லொறி போன பிறகு ஊரில் வேலை மிச்சம் இருக்கிறது. தாய் எப்படிச் செத்தது என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசுங்கள், மூடி மறைக்காதீர்கள். ஹக்கபட்டாஸ் வைக்கிறவர் யார் என்று ஊருக்குத் தெரியும். பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்தால் தாடை சிதறி, தின்ன முடியாமல் பல நாள் கிடந்து சாகும். இதை அவருக்கு நேரே போய்ச் சொல்லக்கூடிய ஒரு உறவுக்காரர் எப்படியும் இருப்பார். பெரும்போகத்துக்கு முதல், பற்றைக் காணிகளிலுள்ள பாழ்கிணறுகளை எண்ணிப் பிரதேச செயலகத்துக்குப் பட்டியல் கொடுங்கள், மூடவோ கட்டுக் கட்டவோ கேளுங்கள். கிணறு இருக்கிற காணியில் கண்ணிவெடிச் சிவப்புப் பலகை நின்றாலோ, அகற்றி முடித்த பத்திரம் இல்லாவிட்டாலோ, மண்வெட்டியோ பெக்கோவோ கொண்டு உள்ளே போகாதீர்கள். முதலில் கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கு அறிவித்து, அவர்கள் சரியென்ற பிறகுதான் கிணற்றுக்குக் கிட்டப் போகலாம்.