லேபிள் மேக்கர் வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்: ஒரு ஸ்டோர் கீப்பரின் குறிப்புகள்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தரைத்தளத்தில் இருந்த பத்திரப் பை, துணிமணி, மளிகை டப்பா எல்லாவற்றையும் இருட்டில் மாடிக்கு ஏற்றிய குடும்பங்கள், எது எங்கே போனது என்று தெரியாமல் பட்ட பாட்டை மறக்க முடியாமல், அதன் பிறகு வீட்டை ஒழுங்குபடுத்தத் தொடங்கின. அந்த வேகத்தில் என் உறவினர் வீடுகள் பலவற்றுக்கும் பெயர்களை ஒட்டும் டேப்பில் அச்சடித்துத் தரும் கையடக்க லேபிள் மேக்கர் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு நூற்பாலையின் ஸ்டோரில் நெடுங்காலம் பொறுப்பில் இருந்தவன் என்பதால், வாங்கியவர்கள் என்னை அழைத்துக் காட்டுகிறார்கள். போய்ப் பார்த்தால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்து மேலாளரிடம் திட்டு வாங்கிய அதே தவறுகள் அடுக்களையிலும் பரணிலும் வரிசையாக ஒட்டியிருக்கின்றன.

எழுத்துப் பிழை, கோணல், நிறப் பொருத்தம் ஆகியவற்றை விட்டுவிடுகிறேன்; அவை ஒட்டிய மறுநிமிடமே கண்ணில் பட்டுவிடும். மாதங்கள் கழித்துத் தலைகாட்டும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அச்சு வகையைப் பார்க்காமல் வாங்குவது

வீட்டு உபயோகத்துக்கு இப்போது விற்கும் கருவிகள் பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது நேரடிச் சூட்டு வகை, இதில் மையும் இல்லை, ரிப்பனும் இல்லை. டேப்பின் மேற்பூச்சிலேயே நிறமற்ற ஒரு சாயமும், அதனோடு சேர்ந்தால் நிறம் தரும் இன்னொரு வேதிப்பொருளும் கலந்திருக்கும். அச்சுத் தலை சூடேறித் தொடும் இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து கறுத்துவிடும். ஏ.டி.எம். சீட்டும், நடத்துநரின் கருவியிலிருந்து வரும் பேருந்து டிக்கெட்டும் இப்படித்தான் அச்சாகின்றன. இரண்டாவது மை ரிப்பன் வகை, இதில் கேசட்டுக்குள் டேப்போடு ஒரு மை ரிப்பனும் சுற்றியிருக்கும். சூடு அந்த ரிப்பனின் மையை டேப்புக்கு மாற்றும். இதிலும் பிரதர் நிறுவனத்தின் டிஇசட்இ போன்ற லேமினேட் செய்த கேசட்டுகளில் எழுத்து ஒரு தெளிவான பிளாஸ்டிக் படலத்துக்கு அடியில் அமைவதால், ஈரத்துணியோ நகமோ அதைத் தொடவே முடியாது.

நிறுவனத்தின் பெயரை மட்டும் கேட்டு வகையைக் கண்டுபிடித்துவிட முடியாது. டைமோ நிறுவனத்தின் டி1 கேசட் மை ரிப்பன் வகை. அதே நிறுவனத்தின் லெட்ராடேக் நேரடிச் சூட்டு வகை. கைபேசியோடு புளூடூத்தில் இணையும் உள்ளங்கை அளவுக் கருவிகளும் பெரும்பாலும் நேரடிச் சூட்டு வகையே.

நேரடிச் சூட்டு வகையை ஒரேயடியாகத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜில் வைக்கும் மாவுக்குத் தேதி ஒட்டவும், பிள்ளையின் நோட்டுக்கு ஓராண்டுக்குப் பெயர் ஒட்டவும் அதைவிட மலிவும் வசதியும் வேறில்லை. நிரந்தரமாக இருக்க வேண்டிய இடத்தில் அதைக் கொண்டுபோய் ஒட்டுவதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுகிறது. அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில் ஒட்டினால் சூட்டில் பின்புலம் முழுவதும் சாம்பல் நிறமாகி எழுத்து அதற்குள் மறையும். சன்னலோரத்தில் ஒட்டினால் வெயிலில் எழுத்து வெளுக்கும். எண்ணெய்க் கை பட்டாலும் சானிடைசர் பட்டாலும் கெடும். பத்திரம் வைக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறையில் ஒட்டினால், அந்த உறையை வளைந்து கொடுக்கச் செய்வதற்காகச் சேர்த்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்லக் கசிந்து எழுத்தை அழித்துவிடும். (ஃப்ரிட்ஜ், மிக்சி வாங்கிய ரசீதுகள் அதே உறைக்குள் வெள்ளைத் தாளாகிப் போவதற்கும் இதுவே காரணம், வாங்கிய அன்றே ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.)

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் என் அண்ணன் மகள் புயலுக்கு முந்தைய கோடையிலேயே இப்படி ஒரு கருவியை வாங்கி, மேற்குப் பார்த்த வராந்தாச் சுவரில் இருக்கும் டி.பி. பாக்ஸில் (வீட்டு மின் லைன்கள் பிரியும் பெட்டி) ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் (ஒரு லைனை அணைக்கும் சுவிட்சு) அடியில் ‘கீழ் பிளக்’, ‘கீழ் லைட்’, ‘மோட்டார்’, ‘மாடி லைட்’ என்று அழகாக ஒட்டியிருந்தாள். ஒட்டிய அன்று படம் எடுத்து எனக்கும் அனுப்பினாள். புயலில் தண்ணீர் கீழ்த்தளத்து பிளக் பாயிண்டுகள் முங்கும் அளவுக்கு நின்று வடிந்தது. தெருவுக்கு மின்சாரம் திரும்பியபோது, நனைந்த கீழ்த்தள லைன்களை அணைத்துவிட்டு மாடியை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று பாக்ஸைத் திறந்திருக்கிறாள். கண்ணாடி மூடிக்குப் பின்னால் இருந்தவை வெறும் வெள்ளைப் பட்டைகள். மூடியின் சட்டம் நிழல் தந்த ஓரத்தில் மட்டும் ‘மோ’ என்ற ஓர் எழுத்து கறுப்பாக மிஞ்சியிருந்தது. அதற்கு அடுத்த எழுத்துகள் மஞ்சள் கறை போலத் தெரிந்தன, மற்றவற்றில் அந்தக் கறையும் இல்லை.

எது கீழ், எது மாடி என்று தெரியாமல் நனைந்த லைனில் மின்சாரத்தை விட்டுப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? மெயினை அணைத்தே வைத்தாள். ஊர் முழுவதும் எலக்ட்ரீஷியனுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த வாரம் அது. அவர் வரும்வரை மாடியும் இருட்டு. மோட்டார் ஓடாததால் தொட்டியில் தண்ணீர் இல்லை. ஃப்ரிட்ஜில் இருந்த மீனும் மாவும் குப்பைக்குப் போயின. வந்த பிறகும் அவர் ஒவ்வொரு லைனாகச் சோதித்துப் பிரிப்பதற்குள் அரை நாள் போனது. அதற்குக் கொடுத்த கூலியில், மை ரிப்பன் வகைக் கருவி ஒன்றே வாங்கியிருக்கலாம். “நல்லாத்தான இருந்துச்சு சித்தப்பா” என்றாள். உண்மைதான், ஒட்டிய அன்று இரண்டு வகையும் ஒன்றுபோலத்தான் பளிச்சென்று இருக்கும். டேப் வந்த உறையின் மேல் ‘தண்ணீர் பட்டாலும் அழியாது’ என்று அச்சிட்டிருந்ததை நம்பியிருக்கிறாள். தண்ணீர் பட்டு அது அழியவும் இல்லை. வெயிலைப் பற்றி உறை வாயே திறக்கவில்லை.

வாங்குவதற்கு முன் கடையிலேயே சோதித்துவிடலாம். டேப்பில் எழுத்து இல்லாத இடத்தில் நகத்தால் அழுத்தி வேகமாகக் கீறினால், உராயும் சூட்டில் கறுப்புக் கோடு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அது நேரடிச் சூட்டு வகை. விழவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள், சில டேப்புகளில் மேலே பூச்சு இருக்கும். ஒரு துண்டை வாங்கிவந்து சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு கணம் காட்டினால், கறுக்கிறதா இல்லையா என்பதில் மிச்சமும் தெரிந்துவிடும். டி.பி. பாக்ஸ், இன்வெர்ட்டர், தண்ணீர்க் குழாய் வால்வு, பத்திர உறை, சமையலறை டப்பா ஆகிய ஐந்துக்கும் மை ரிப்பன் வகையைத் தவிர வேறெதையும் ஒட்டாதீர்கள். அந்தக் கருவி கையில் இல்லையென்றால், அழியாத மார்க்கர் பேனாவால் எழுதி மேலே தெளிவான செல்லோ டேப்பை ஒட்டுவது, நேரடிச் சூட்டு லேபிளைவிட எவ்வளவோ மேல்.

மூடியில் ஒட்டுவது

எவர்சில்வர் சம்படங்களை ஒரே அளவில் வரிசையாக வாங்கி வைத்திருக்கும் வீடுகளில் இந்தத் தவறு தவறாமல் நடக்கும். மூடியில் பெயர் ஒட்டினால் மேலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் நான்கு டப்பாக்களையும் ஒன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகு, எந்த மூடி எந்த டப்பாவுக்கு என்பது கழுவியவர் கையில் போய்விடுகிறது. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் மாறினால் குழம்போடு போகும். ஆப்ப சோடாவும் தூள் உப்பும் மாறினால் அன்றைய சமையலே போகும். டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள். ஆழமான இழுப்பறைக்குள் வைப்பதால் மேலிருந்துதான் பார்க்க முடியும் என்றால், உடம்பிலும் மூடியிலும் ஒரே பெயரை ஒட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து மூட அப்போதுதான் முடியும்.

சிறிய மசாலா பாட்டில்களில் டேப்பைச் சுற்றிவளைத்து ஒட்டினால் முனைகள் நிமிர்ந்துகொள்ளும். பாட்டிலின் நீளவாக்கில், மேலிருந்து கீழாக ஒட்டினால் டேப் வளைய வேண்டியதில்லை, நிமிரவும் செய்யாது.

பிசுக்கின் மேல் ஒட்டுவது

லேபிள் உரிந்துவிட்டதென்று டேப்பைக் குறை சொல்பவர்கள் அந்த டப்பாவின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கட்டும். தாளிப்பின் ஆவி படிந்த பிசுக்கை வெறும் ஈரத்துணி எடுக்காது. பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, நன்றாக உலர்த்தி, பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகு ஒட்ட வேண்டும். கடலூர் தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எந்தப் பரப்பிலும் ஈரம் படிந்துகொண்டே இருக்கும் என்பதால், பரண் பெட்டிகளுக்கு ஒட்டும் வேலையை வெயில் காயும் நாளுக்குத் தள்ளி வைப்பது நல்லது. ஒட்டியவுடன் விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் அதைச் சீண்டாமல் விடுங்கள். இவ்வகைப் பசை முழுப் பிடிப்புக்கு வர அவ்வளவு நேரம் எடுக்கும். பாலிதீன், பாலிப்ரொப்பிலீன் டப்பாக்களின் வழுவழுப்பில் சாதாரணப் பசை எளிதில் பிடிக்காது. அவற்றுக்கென்று கூடுதல் ஒட்டுத்திறன் கொண்ட கேசட்டுகள் தனியாக விற்கின்றன.

‘இதர பொருட்கள்’

இந்த லேபிளை அச்சிடவே அச்சிடாதீர்கள்.

பொருளுக்கு ஒட்டி, இடத்துக்கு ஒட்டாமல் விடுவது

ஸ்டோரில் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர்ச் சீட்டு இருக்கும், அது உட்காரும் தட்டுக்கும் எண் இருக்கும். பொருளை எடுத்துப் போனவர் திரும்பக் கொண்டுவரும்போது அந்தக் காலித் தட்டுதான் அவரிடம் கணக்குக் கேட்கும். வீடுகளில் டார்ச்சின் மேல் ‘டார்ச்’ என்று ஒட்டுகிறார்கள். அது டார்ச் என்பது பார்த்தாலே தெரிகிறது. ஒட்ட வேண்டியது அது மாட்டியிருக்க வேண்டிய ஆணிக்கு மேலே. கத்தரிக்கோல், ஸ்குரூடிரைவர், கேஸ் ரெகுலேட்டர் சாவி, மாடிக் கதவின் பூட்டு ஆகியவற்றுக்கும் அப்படியே. வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் விருந்துக்கு வந்த மைத்துனரும் யாரையும் கேட்காமல் எடுத்த இடத்தில் வைப்பார்கள் என்பதை ஒட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் படிக்க முடியாத எழுத்து

எழுத்துப் பலகையோடு வரும் பெரும்பாலான கருவிகளில் தமிழ் கிடையாது. அம்மாவும் மாமியாரும் புழங்கும் அடுக்களையில் ஆங்கிலத்தில் ஒட்டிவைத்துவிட்டு, அவர்கள் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சலித்துக்கொள்வதில் நியாயமில்லை. கைபேசி வழியாகவோ கணினி வழியாகவோ இணைத்துக்கொள்ளும் கருவி, எழுத்தைப் படமாக அனுப்புவதால் தமிழையும் அச்சிடும். மை ரிப்பன் வகையிலும் அப்படி இணையும் மாதிரிகள் உண்டு. கொஞ்சம் விலை கூடினாலும் அதையே தேடி வாங்குங்கள். தமிழுக்கு 12 மில்லிமீட்டருக்குக் குறைந்த டேப் எடுக்காதீர்கள். ‘ணி’, ‘ழு’ போன்ற எழுத்துகளில் மேலும் கீழும் நீளும் கோடுகளுக்கே இடம் போய்விடுவதால், 6 மில்லிமீட்டர் டேப்பில் அடித்த ‘மஞ்சள் தூள்’ என்பதைக் கண்ணாடி போட்டும் நான் படிக்க முடியவில்லை.

ஒவ்வொன்றாக அச்சிடுவது

கருவிக்குள் அச்சுத் தலைக்கும் வெட்டும் கத்திக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், பல மாதிரிகளில் ஒவ்வொரு லேபிளுக்கு முன்னும் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் வெறும் டேப் வெளியே வரும். நான்கு சென்டிமீட்டர் லேபிள்களை ஒவ்வொன்றாக அடித்தால் 8 மீட்டர் கேசட்டில் சுமார் 120தான் தேறும். வீண் இல்லாமல் அடித்தால் 200 வரை கிடைக்கும். தொடர் அச்சு வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் நடுவே இடம் விட்டு நான்கைந்து பெயர்களை ஒரே வரியாக அடித்துக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளுங்கள். அச்சாகும்போது டேப்பை வெளியே இழுத்தால் ரிப்பன் உள்ளே சிக்கி, கேசட்டே வீணாகும்.

மருந்து

காலாவதித் தேதியை மறைத்து ஒட்டாதீர்கள். தொகுதி எண்ணையும்.

பேட்டரி

மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் கழற்றி வையுங்கள். கசிந்தால் முனைகள் அரித்து, கருவியே போய்விடும்.

பழைய லேபிளைச் சுரண்டி எடுப்பது

கத்தியால் சுரண்டினால் எவர்சில்வரில் கீறலும், மர பீரோவில் பாலிஷ் பெயர்வும் மிஞ்சும். வாடகை வீட்டில் அது உரிமையாளருடைய பீரோவாக இருந்துவிட்டால் முன்பணத்தில் கழிப்பார். தலை உலர்த்தும் கருவியால் கொஞ்சம் சூடு காட்டி, ஒரு மூலையைப் பிடித்துத் தாழ்வாக, மெதுவாக இழுத்தால் பசையோடு வந்துவிடும். ஒட்டியிருக்கும் மிச்சப் பசையில் தேங்காய் எண்ணெயைத் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துணியால் உருட்டி எடுக்கலாம். அதன் பிறகு சோப்புப் போட்டு எண்ணெயை முழுவதும் கழுவி உலர்த்தாமல் புதிய லேபிளை ஒட்டினால், மறுநாள் காலையில் அது தரையில் கிடக்கும்.